பழைய வண்டிக்கும் ஒரு மொய் நோட்டு: அக்கா டிப்ஸ்

தம்பிகளா, தங்கச்சிகளா, "ஸ்பேர் கிடைக்கலை"ங்கிற புலம்பலை இன்னையோட நிறுத்துங்க. பழைய கார் வெச்சிருக்கிற நாலு பேர் டீக்கடையில கூடினா பேச்சு அங்கேதான் போய் நிக்குது. சாமான் எப்படியாவது வந்து சேர்ந்துடும். சென்னை புதுப்பேட்டையில இல்லைன்னா கோயம்புத்தூர் உக்கடம். அங்கேயும் இல்லைன்னா கொல்கத்தா மல்லிக் பஜார். எங்கேயுமே இல்லைன்னா லேத் பட்டறையில கொடுத்துக் கடைஞ்சு வாங்கிடலாம். கடைஞ்சு வாங்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், அந்த வண்டியைப் பிரிச்சு மாட்டின ஆளோட கைப்பழக்கம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஓடின காலத்துல பட்டறையில எடுபிடியா சேர்ந்த பையன்களுக்கே இப்ப எழுபதை ஒட்டி வயசாயிடுச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சதை எழுதி வாங்காம, ஒரு கேஸ்கெட்டுக்காக ஊர் ஊரா அலையறதைப் பார்த்தா எனக்கு வேடிக்கையா இருக்கு.

அதனால இந்தத் தடவை பாலிஷ் போடுறது, துரு எடுக்கிறது பத்தியெல்லாம் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. ஒரு ஊர்ல, ஒரு தாலுகாவுல பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க, தங்களுக்குத் தெரிஞ்சதை எப்படி ஒண்ணாச் சேர்த்து வைக்கிறது, எப்படிப் பகிர்ந்துக்கிறது, அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல, நம்ம கொட்டகையில நிக்கிறது என்ன?

அரிய வெளிநாட்டு வண்டிகளைப் பார்க்கணும்னா கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேர்ல கார் மியூசியம் இருக்கு. சென்னையில 2023-ல திறந்த ஏவி.எம். மியூசியம் இருக்கு. போய் ரசிச்சுட்டு வாங்க. நம்ம புதுக்கோட்டைப் பக்கம், ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாப்பட்டு, குழிபிறை, பனையப்பட்டின்னு நகரத்தார் ஊர்கள்லயும், டவுன் வீட்டு ஷெட்டுகள்லயும் தார்ப்பாய் போர்த்தி நிக்கிறது பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, ஜீப். எல்லாரும் பார்த்த வண்டி, அப்பா ஓட்டின வண்டி. அதனாலேயே இதுல எழுதி வைக்க என்ன இருக்குன்னு நினைக்கிறோம். அதுதான் தப்பு.

ஹெரால்டை எடுத்துக்கங்க. அது நம்ம தமிழ்நாட்டு வண்டி. சென்னையை ஒட்டி பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில 1961-ல இருந்து செஞ்சாங்க. உடம்பை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்துல கடைசி வரைக்கும் ரெண்டு கதவோட இருந்த ஹெரால்டு சலூனுக்கு நாலு கதவு போட்டது நம்ம ஊர்தான். 1972-ல அதே கம்பெனியில இருந்து வந்த கெசல் கார்ல பின்பக்க ஆக்ஸிலையே மாத்திட்டாங்க. ஏன்னா ஹெரால்டோட ஸ்விங் ஆக்ஸில் வண்டி வாங்கினவங்களுக்கும் பிடிக்கலை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலை. ஆக, நீங்க லண்டன்ல இருந்து காசு கொடுத்து வரவழைக்கிற ஹெரால்டு மேனுவல்ல பின்பக்க சஸ்பென்ஷன் பத்தி இருக்கிற பக்கங்கள் கெசல்காரருக்கு உதவாது. கதவுப் பக்கம் நாலு கதவுக்காரருக்கு உதவாது. அந்த இடைவெளியை நிரப்புற புத்தகம் அச்சுல கிடையாது. அது ஆளுங்க கிட்டத்தான் இருக்கு.

அம்பாசடரும் அப்படித்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்ல இருந்து பிறந்து, 1957-ல ஆரம்பிச்சு 2014 மே மாசம் வரைக்கும் உத்தரபாராவுல வந்துக்கிட்டே இருந்தது. வெளியில இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே மார்க் டூவுக்கும் மார்க் ஃபோருக்கும் ஒத்துப்போகாத சாமான்கள் ஏகப்பட்டது. ஐசூஸு எஞ்சின் வண்டி தனி ஜாதி.

ஃபியட்டுக்கு, அதாவது பின்னால பத்மினின்னு பேர் மாறின வண்டிக்கு, வேற கதை. பத்மினி தயாரிப்பு 2000-த்தோட நின்னாலும், மும்பை டாக்ஸி இருந்த வரைக்கும் சாமானும் இருந்தது, கை தெரிஞ்ச மெக்கானிக்கும் இருந்தாங்க. 2003 அக்டோபர்ல பதிவான கடைசி பத்மினி டாக்ஸிக்கு இருபது வயசு முடிஞ்சதும், 2023 அக்டோபர் 30-ல இருந்து அந்த ஓட்டமும் நின்னுபோச்சு. இனி அந்த வண்டியைப் பத்தின அறிவு பிழைப்புக்காகத் தானா வளராது. ஆசைக்கு வெச்சிருக்கிற நாமதான் வளர்க்கணும்.

மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு

நம்ம மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி வந்தா மொய் விருந்து நடக்குறது ஊர் உலகத்துக்கே தெரியும். அங்கே பணத்தைவிடப் பெரியது அந்த நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு, ஒரு வரி விடாம ஏறிடும். கொடுத்தவர் மறந்தாலும் நோட்டு மறக்காது. வாங்கினவர் திருப்பிச் செய்யாம இருக்கவும் முடியாது. வண்டி விவரத்துக்கும் அப்படி ஒரு நோட்டு போடுங்கன்னுதான் நான் சொல்றேன். உங்களுக்கு ஒருத்தர் கார்புரேட்டர் செட்டிங் சொல்லிக்கொடுத்தாரா, அது அவர் பேர்ல வரவு. நீங்க அடுத்தவருக்கு வயரிங் பார்த்துக் கொடுத்தீங்களா, அது உங்க பேர்ல. வருஷம் முழுக்க வாங்கிக்கிட்டே இருக்கிற ஆள் யாருன்னு நோட்டைத் திறந்தா தெரிஞ்சுடும். கொஞ்சம் கூச்சம் வரணும். வந்தாத்தான் அவரும் கை கொடுப்பார்.

நோட்டை யார் எழுதறது? ரொம்பத் தெரிஞ்சவர் கையில கொடுக்காதீங்க. அவருக்கு எல்லாமே "இது தெரியாதா" ரகம், பாதியை விட்டுடுவார். தெரியாததைக் கூச்சப்படாம திரும்பத் திரும்பக் கேட்கிற ஒருத்தர் வேணும். காலேஜ் படிக்கிற தங்கச்சி இருந்தா அவகிட்ட கொடுங்க, நான் பார்த்த வரைக்கும் இந்த வேலைக்கு அவங்கதான் சரி. வாட்ஸ்அப் குழு போதும்னு சொல்லாதீங்க. அங்கே குட் மார்னிங் படத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவுல கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் புதைஞ்சு போயிடும். குழுவுல வர்றதை வாரம் ஒருக்கா உட்கார்ந்து நோட்டுல ஏத்துறது அந்த எழுத்தர் பொறுப்பு. பெரிய சைஸ் கட்டு நோட்டு வாங்கிக்கங்க. வண்டி வகைக்கு ஒரு நோட்டு.

எழுதறதுக்கு ஒரு முறை இருக்கு. தலைப்புல "பழைய கார்"னு போடாதீங்க. கம்பெனி, மாடல், எத்தனையாவது மார்க், வருஷம், எந்த எஞ்சின், இவ்வளவும் வேணும். அப்புறம் என்ன தொந்தரவு, முதல்ல என்னன்னு நினைச்சீங்க, கடைசியில என்னவா இருந்தது, என்ன மாத்தினீங்க, எங்கே வாங்கினீங்க, என்ன விலை, யார் கை. கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டு வைங்க. மூணு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு அதை எழுதணும். இதோ ஒரு மாதிரி:

"ஹெரால்டு மார்க் த்ரீ. சூடேறினா நின்னுபோகுது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது. பெட்ரோல் பம்புன்னு நினைச்சுப் பிரிச்சோம், அது இல்லை. காயில் மாத்தினோம், அதுவும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கண்டென்சர். புதுசு போட்டாச்சு. மூணு மாசம் கழிச்சு: வெயில்ல திருச்சி போய் வந்தது, நிக்கலை."

இதுல "அது இல்லை, இதுவும் இல்லை"ன்னு வர்ற ரெண்டு வரிதான் ரொம்ப முக்கியம். அடுத்தவனுக்கு ரெண்டு நாள் வேலையும் ஒரு காயில் காசும் மிச்சம். நம்ம ஆளுங்க ஜெயிச்சதை மட்டும் சொல்வாங்க. சுத்தி வந்த பாதையைச் சொல்ல மாட்டாங்க. அதையும் வாங்கி எழுதுங்க.

ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்துலயும் ஒரு அடையாளம் போடுங்க. கேள்விப்பட்டதுன்னா "கே". கூட நின்னு கண்ணால பார்த்ததுன்னா "பா". தானே செஞ்சதுன்னா "செ". "கே" போட்ட குறிப்பை நம்பி யாரும் பிரேக்குல கை வைக்கக் கூடாது. இது சட்டம்.

பெரியவர்கிட்ட எப்படிக் கேட்கிறது

"அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லுங்க"ன்னு போய் உட்கார்ந்தா ஒண்ணும் கிடைக்காது. டீ வரும், அந்தக் காலப் பெருமை வரும், அவ்வளவுதான். அவருக்குத் தெரிஞ்சது வாயில இல்லை, கையில இருக்கு. அதனால ஒரு வேலையோட போங்க. கழட்ட வேண்டிய ஒரு டைனமோ, பாயிண்ட் வைக்க வேண்டிய ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், எதையாவது எடுத்துட்டுப் போய் அவர் முன்னால வைங்க. ஸ்பேனர் கையில ஏறினதும் பேச்சு தானா வரும்.

போனை ஒரு ஸ்டாண்டுல நிறுத்திடுங்க. கையில பிடிச்சா ஆடும், அவர் முகத்தையே எடுப்பீங்க, நமக்கு விரல்தான் வேணும். படம் எடுக்கட்டுமான்னு முதல்லயே கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க, காதால கேட்டு எழுதிக்கலாம். எஞ்சின் சத்தத்தைத் தனியா பதிவு பண்ணுங்க. டாப்பெட் லூஸா இருக்கிற சத்தம், பிக் எண்ட் பேரிங் போன சத்தம், எக்ஸாஸ்ட் லீக் சத்தம், மூணும் கேட்டுப் பழகாத காதுக்கு ஒண்ணுதான். இதை எழுத்துல சொல்லிக்கொடுக்க எந்த எழுத்தாளராலும் முடியாது.

"எதைச் செய்யக் கூடாது"ன்னு கேளுங்க. நல்ல விஷயமெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். ஹெரால்டு முன் சக்கரத்துக்குக் கீழே பித்தளையில ட்ரன்னியன்னு ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங் திரும்பும்போது அந்த மரையிலதான் சக்கரம் திரும்புது. அதுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் அடிச்சா மரை முழுக்க எண்ணெய் இறங்காது, உள்ளே தண்ணி தங்கித் துரு ஏறி, ஒருநாள் முறிஞ்சு சக்கரம் மடங்கிடும். இது தெரியாத பையன் சர்வீஸ் ஸ்டேஷன்ல எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன்னை வெச்சு அழுத்துவான். அவன் மேல தப்பில்லை, யாரும் சொல்லலை. ஒரு வரி, ஒரு உயிர். இதுமாதிரி ஒவ்வொரு வண்டிக்கும் நாலஞ்சு வரி உண்டு. அதை நோட்டோட முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதுங்க.

இன்னொண்ணு, கொஞ்சம் கறாராவே சொல்றேன். சும்மா போகாதீங்க. அவர் ஒரு நாள் பட்டறையில நின்னா என்ன கூலியோ அதைக் கொடுங்க. நாம பொழுதுபோக்குக்குக் கத்துக்கிறோம், அவருக்கு அது பிழைப்பு. பழமும் ஸ்வீட் பாக்ஸும் கூலிக்குப் பதில் ஆகாது. நோட்டுல அவர் பேரை எப்படிப் போடணும்னும் அவரையே கேளுங்க. சிலர் முழுப்பேர் சொல்வாங்க, சிலர் பட்டறைப் பேர் போதும்பாங்க. அவர் சொன்னதை நல்லா எழுதிட்டு, அடுத்த சந்திப்புல அவர் முன்னாலேயே படிச்சுக் காட்டுங்க. திருத்தம் அப்பத்தான் வரும்.

ஒரு ஜோடி கையும் ஒரு கேமராவும்

உலகம் முழுக்க மெக்கானிக் ஷெட்டுல கிடக்கிற ஹேன்ஸ் மேனுவல் பிறந்ததே இப்படித்தான். அதை எழுதின ஜான் ஹேன்ஸ் 1938-ல நம்ம பக்கத்து இலங்கையில, தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவருக்குப் பிள்ளையா பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில ஏடன்ல இருந்தப்ப, கூட வேலை பார்த்தவரோட ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரிச்சுப் பூட்ட வேண்டி வந்தது. கம்பெனி மேனுவல் சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி இல்லைன்னு பார்த்தார். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, படமும் குறிப்புமா 1966-ல முதல் புத்தகம் போட்டார். அதுக்கப்புறமும் அவங்க முறை அதேதான், ஒரு வண்டியை முழுசாப் பிரிச்சு, முழுசா மாட்டி, அதைத்தான் எழுதுவாங்க. ஊகிச்சு எழுதறதில்லை.

நமக்கு அவர் அளவுக்கு வேண்டாம். போல்ட்டைத் தொடறதுக்கு முன்னால ஒரு படம், கழட்டினதும் ஒரு படம், பக்கத்துல ஒரு ஸ்கேல். நட்டு போல்ட்டை ஜிப் கவர்ல போட்டு, எந்த இடத்துதுன்னு சீட்டு எழுதி உள்ளேயே போடுங்க. வெளியில ஒட்டினா எண்ணெய்ல ஊறி விழுந்துடும். வயரை அவிழ்க்கிறதுக்கு முன்னால ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் கட்டுங்க.

நம்பர்ல ஏமாறாதீங்க

டாப்பெட் கேப் எவ்வளவுன்னு கேட்டா மெக்கானிக் "பதினஞ்சு தௌ"ம்பார் (தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). அம்பாசடர் 1489 சி.சி. எஞ்சினுக்கு அது சரி. ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினுக்குப் பத்து தௌ, அதுவும் எஞ்சின் ஆறியிருக்கும்போது. நோட்டுல வெறும் "டாப்பெட் பதினஞ்சு"ன்னு இருந்து, ஹெரால்டுக்காரர் அதைப் படிச்சுட்டு வெச்சா என்ன ஆகும்? வண்டி ஓடும், ஆனா தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு ஓடும். வண்டிப் பேர் இல்லாத நம்பரை நோட்டுல ஏத்தாதீங்க.

மரை விஷயம் இதைவிட வில்லங்கம். ஃபியட்டுக்கு எம்.எம். ஸ்பேனர், அம்பாசடருக்கு இஞ்ச் ஸ்பேனர்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கும் பழைய இங்கிலீஷ் வண்டின்னா விட்வொர்த். அந்த ஸ்பேனர்ல பொறிச்சிருக்கிற அளவு நட்டுத் தலையோட அளவு இல்லை, போல்ட் தண்டோட அளவு. எம்.ஜி. டிசி மாதிரி வண்டிகள்ல இருக்கிற பழைய மோரிஸ் குடும்பத்து எஞ்சின்ல மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த். எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ! கடையில கிடைச்ச போல்ட்டை பலவந்தமா ஏத்தினா பிளாக்குல இருக்கிற மரை போயிடும். அதனால எந்த இடத்துல எந்த மரைன்னு ஒரு பக்கம் கட்டாயம் வேணும்.

பேட்டரிப் பக்கத்துல ஒரு தகட்டுச் சீட்டு தொங்கவிடுங்க. பழைய இங்கிலீஷ் வண்டி பலதுல பாசிட்டிவ்தான் பாடியில எர்த். தெரியாம மாத்தி மாட்டினாலோ, புது ரேடியோவோ போன் சார்ஜரோ கோத்தாலோ புகைதான் மிஞ்சும். வாங்கினவர் யாராவது இடையில நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தியிருந்தா அதையும் அந்தச் சீட்டுல எழுதணும்.

நல்ல செய்தியும் ஒண்ணு உண்டு. பேரிங்கைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னால துடைச்சு, அதுல பொறிச்சிருக்கிற நம்பரைக் குறிச்சுக்கங்க. 6204-ன்னு இருந்தா உள்வட்டம் 20 மில்லி, வெளிவட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டு, எந்தக் கம்பெனி பேரிங்கா இருந்தாலும் அதேதான். கார் பேர் சொல்லிக் கேட்டா "அதெல்லாம் வர்றதில்லைங்க"ம்பாங்க. நம்பர் சொல்லிக் கேட்டா மோட்டார் பம்புக்கு விக்கிற கடையிலயே எடுத்துக் கொடுப்பாங்க. ஆயில் சீலுக்கும் உள்ளளவு, வெளியளவு, தடிமன் மூணும் இருந்தாப் போதும். பழைய இங்கிலீஷ் வண்டிகள்ல இஞ்ச் அளவு பேரிங்கும் வரும், அதைத் தனியாக் குறிங்க. இந்த ஒரு பட்டியல் தயாரானா உங்க குழுவோட பாதி அலைச்சல் தீர்ந்தது.

வேற வண்டிச் சாமான் ஒத்துப்போகுதுன்னா அதுக்கும் ஒரு பக்கம். ஆனா ரெண்டாப் பிரிங்க. கதவுக் கைப்பிடி, வைப்பர் மோட்டார், ஹாரன்னு இருக்கிறதுல உங்க சாமர்த்தியத்தைக் காட்டுங்க. பிரேக், ஸ்டியரிங், சக்கர ஹப் மூணுலயும் "ஒட்டிப் பார்த்தோம், நிக்குது"ன்னு யாராவது சொன்னா எழுதாதீங்க, அவரைத் திட்டி அனுப்புங்க.

எந்தப் பழைய புத்தகத்துலயும் இல்லாதது

1960-கள் மேனுவல் எழுதினவருக்கு நம்ம பெட்ரோல் பம்புல இப்ப என்ன வருதுன்னு தெரியாது. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுபோச்சு. பழைய எஞ்சினோட வால்வு சீட்டைத் தேயாம காத்தது அந்த ஈயம். அதனால ஹெட் இறக்குற வேலை வந்தா, எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் இன்சர்ட் போட்டு ஏத்துறது நல்லது. இப்ப இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதுல ஊறி மெத்துன்னு ஆயிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாசக்கணக்கா நிக்கிற வண்டி டேங்க்ல அடியில தண்ணி சேர்ந்து துருப்பிடிக்கும். எத்தனால் தாங்குற ஹோஸ் வாங்கிப் போடுங்க, ரொம்ப நாள் நிறுத்துற வண்டியில டேங்கை வடிச்சுடுங்க. எந்த ஹோஸ் எத்தனை மாசம் தாங்குச்சுன்னு எழுதுங்க. இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய தலைமுறை நீங்கதான்.

பழைய பிரேக் லைனிங்லயும் கிளட்ச் பிளேட்லயும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்து ஏர் அடிச்சு ஊதுற பழக்கத்தை விடுங்க. ஈரத்துணியால துடைச்சு, கவர்ல கட்டிப் போடுங்க. வீட்டுப் பிள்ளைங்க சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிற இடம் அது.

கருவி ஒரே இடத்துல

ஹப் புல்லர், விட்வொர்த் செட், கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட் இதையெல்லாம் ஆளுக்கு ஒண்ணு வாங்குறது வீண். குழுவுக்கு ஒண்ணு போதும். யார் எடுத்தாங்க, எப்பன்னு நோட்டுல கையெழுத்து. உடைச்சுட்டா புதுசு. இதுல தயவு தாட்சண்யம் பார்த்தா ஒரே வருஷத்துல பெட்டி காலி.

தெரிஞ்சவர் தெரியாதவருக்கு

1990-கள் தொடக்கத்துல நம்ம மாவட்டத்துல எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் நடந்ததை உங்க அம்மா சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். கல்லுடைக்கிற பெண்கள் வரைக்கும் எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப பார் வெச்ச சைக்கிள்லயே ஏறினாங்க. நேத்து கத்துக்கிட்டவ இன்னைக்கு அடுத்தவளுக்குப் பின்னால கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா. நிபுணர் வரட்டும்னு யாரும் காத்திருக்கலை. வண்டிக் கூட்டத்துக்கும் அந்த வழி போதும். மாசத்துல ஒரு ஞாயிறு, ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு வேலை. போன மாசம் பாயிண்ட் வைக்கக் கத்துக்கிட்ட பையன் இந்த மாசம் புதுசா வந்தவருக்குச் செஞ்சு காட்டணும். பெரியவர் பக்கத்துல நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கட்டும். தப்பு பண்ணினா அவரே குரல் கொடுப்பார். ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. அவங்க படிக்கிறது இன்ஜெக்‌ஷன் வண்டி, கார்புரேட்டரைக் கண்ணால பார்க்கவும் ஒரு இடம் வேணும்ல!

வீட்டுக்குள்ளேயும் தேடுங்க

ஆண்கள் எப்பவும் ஷெட்டுலேயே தேடுவாங்க. காகிதம் வீட்டுக்குள்ளே இருக்கும். ஆச்சி பீரோவுல, அடுக்குப் பெட்டியில, கணக்கு நோட்டுக்கு நடுவுல வண்டி வாங்கின ரசீது, இன்ஷூரன்ஸ், டூல் கிட்டோட வந்த சின்னப் புத்தகம் எல்லாம் கிடக்கும். டிரைவர் யாரு, எந்தப் பட்டறைக்குப் போகும், எந்த வருஷம் எஞ்சின் இறக்கினாங்கன்னு ஆச்சிக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும். எந்தக் கல்யாணத்துக்கு முன்னாலன்னு சொல்வாங்க, வருஷத்தை நீங்க கணக்குப் போட்டுக்கங்க.

அந்தக் காகிதத்துக்கு இப்ப பண மதிப்பும் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து ஐம்பது வருஷம் தாண்டின, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிசா மாறாத வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம். ஃபாரம் 20, பழைய ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்க ஐயாயிரம், ஐந்து வருஷத்துக்கு. நம்பர்ல டி.என்.-க்கு அடுத்து வி.ஏ. வரும். ஆனா அப்படிப் பதிஞ்ச வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடப் போறது, ரிப்பேருக்குப் போறது, அவ்வளவுதான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டணும்னா வழக்கமான பதிவுலேயே வெச்சு ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சுக்கங்க. என்னைக் கேட்டா நம்ம ஊர்க்காரங்களுக்கு அதுதான் லாயக்கு.

மாத்தின சாமானை மறைக்காதீங்க. 1966-ல தொடங்கின ஃபிவாங்கிற உலக அமைப்பு, பழைய வண்டிகளுக்குன்னு டுரின் சாசனம்னு ஒண்ணு வெச்சிருக்கு. புதுசா செஞ்சு போட்ட பாகத்துல அழியாத அடையாளம் இடணும்ங்கிறது அதோட வழி. உள்பக்கமா வருஷத்தை பஞ்ச் வெச்சு ஒரு தட்டு தட்டினாப் போதும். ஒரிஜினல் எது, நாம செஞ்சது எதுன்னு உங்க பேரனுக்குக் குழப்பம் வராது.

ஒரு எச்சரிக்கை

நோட்டுல வேலை விவரம் ஏறட்டும். யார் வீட்டுக் கொட்டகையில எந்த வண்டி நிக்குதுங்கிற பட்டியலை மட்டும் வெளியில விடாதீங்க. அது தரகர் கையில போனா, ஆள் இல்லாத பெரிய வீட்டுக்கு முதல்ல போன் வரும், அப்புறம் வேற மாதிரி ஆள் வரும். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் தெரியற படத்தையும் குழுவுல போடாதீங்க.

நோட்டு ஒரே வீட்டுல இருந்தா கரையானுக்கோ மழைக்கோ போயிடும். மாசாமாசம் பக்கங்களைப் படம் எடுத்து, ரெண்டு பேர்கிட்ட பென் டிரைவ்ல கொடுத்து வைங்க. ஒரு ஜெராக்ஸ் பிரதி வேற ஊர்ல இருக்கட்டும். புத்தகம் காப்பாத்துறது நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. தனி ஆளுங்க சேர்த்ததே புதுக்கோட்டையில ஞானாலயா நூலகமா நிக்குது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததுதான் அவர் காலத்துக்கப்புறம் சென்னையில ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. அவர் சேர்த்ததுல நோட்டீஸும் அழைப்பிதழும்கூட உண்டு. அதனால பழைய சர்வீஸ் பில்லைக் குப்பைன்னு கிழிக்காதீங்க.

உங்க ஊர்ல கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் யார் இருக்காங்கன்னு இன்னைக்குச் சாயந்திரமே விசாரிங்க. கூலியை எடுத்துக்கிட்டு, ஒரு வேலையையும் எடுத்துக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே போங்க. அடுத்த மாசம்னு தள்ளாதீங்க.